பின்சீட்டு

"அம்மா, இந்தக் காரைச் செய்யலாமா, வேண்டாமா?"

வையாபுரி கேட்டபோது மங்கையர்க்கரசி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஏலகிரி அடிவாரத்தில் ஓட்டு வீடு. அவர் வையாபுரியைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆனாலும் கார் கம்பெனி முதலாளியான வையாபுரி, முடிவெடுக்க முடியாதபோதெல்லாம் இங்கேதான் வருவார்.

"என்ன கார்?"

"நாலு கதவு. தாழ்வா இருக்கும். நல்ல வேகம். பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும்."

"இப்ப நீங்க விக்கிறது?"

"அதெல்லாம் முன்சக்கரம் இழுக்கும். செலவு குறைவு. உள்ளே இடமும் மிச்சம்."

"அப்புறம் எதுக்கு இது?"

"எங்க இன்ஜினியர் பசங்க பல வருஷமா இதுக்காக உசிரை விட்டிருக்காங்க. நாளைக்கு நான் வேண்டாம்னு சொன்னா அந்தக் கூட்டமே கலைஞ்சு போயிடும். சரின்னு சொல்லி, விக்காமப் போச்சுன்னா கம்பெனி எந்திரிக்காது."

மங்கையர்க்கரசி ஒரு துண்டை உதறினார்.

"அதுல போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துது?"

"முதுகு வலிதான். பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டுக்காக நடுவில ஒரு மேடு. காலை நீட்ட முடியல. டைரக்டருங்க எல்லாரும் பின்னாடி உக்காந்து பாத்துட்டாங்க. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

துண்டு கொடியில் விழுந்தது.

"அந்த வண்டி வந்திருக்கா?"

"வாசல்ல நிக்குது."

"மலைக்குப் போயிட்டு வருவோம்."

டிரைவர் லூர்துசாமி வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து பிடித்தார். வையாபுரி ஏறக் குனிந்தார்.

"லூர்துசாமி, அதுல நீங்க ஏறுங்க" என்றார் மங்கையர்க்கரசி.

லூர்துசாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவர் அதற்குள் முன்பக்கம் இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டி ரொம்ப வருஷமாச்சும்மா."

"மெதுவாப் போங்க. துணி காயணும்ல."

முதல் வளைவை, தூங்கும் குழந்தையைக் கை மாற்றுவதுபோலக் கடந்தார். அடுத்ததிலும் அப்படித்தான். மூன்றாவதில் கால் தானாகக் கொஞ்சம் அழுத்தியது.

பின்னாலிருந்து யாரோ இடுப்பில் கைவைத்துத் தள்ளியதுபோல இருந்தது.

ஸ்டியரிங் கனமில்லாமல் கையில் கிடந்தது. அவர் பார்த்த இடத்துக்கு வண்டி போனது. சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் திரும்பிப் பார்த்தன.

மங்கையர்க்கரசி ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. தாண்டிய பிறகுதான் அது டீக்கடை என்று வையாபுரிக்கு உறைத்தது.

"ஐயா" என்றார் பின்னாலிருந்து லூர்துசாமி. "நீங்க சொன்னது சரிதாங்கய்யா. இங்க மனுஷன் உக்கார முடியாது. முட்டி தட்டுது."

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.

"அங்க யாருப்பா உக்காரப் போறாங்க?" என்றார் வையாபுரி.