விளாமரத்தை ஆட்டிய யானை

தேக்கங்காட்டில் யானை ஒன்றுதான். வேலையோ ஊர்ப்பட்டது. மரம் தள்ள, பாறை புரட்ட, கிளை வளைக்க என்று எல்லா மிருகங்களும் அதைத்தான் கூப்பிடும். யாருக்கும் இல்லை என்று சொல்லாது. ஒருவர் வேலை முடிந்த பிறகே அடுத்தவருக்கு என்று முறைவைத்துச் செய்து கொடுக்கும்.

ஒரு நாள் அடித்த காற்றில் ஒரு பட்டமரம் சாய்ந்து, முயல் வளையின் வாசலை அடைத்துக்கொண்டது. உள்ளே கண் திறக்காத குட்டிகள். இரை தேடப் போயிருந்த தாய் முயல் பதறியடித்து ஓடி வந்தது.

"யானை அண்ணே! பிள்ளைங்க உள்ள மாட்டிக்கிச்சு! கொஞ்சம் வாங்களேன்!"

"வர்றேன் தாயி. உன் முறை வரட்டும்," என்றது யானை, மூச்சு வாங்கியபடி.

முறை வரவே இல்லை. மானும் காத்திருந்தது, பன்றியும் காத்திருந்தது. யானை மட்டும் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது.

"எல்லாம் இந்தக் கரடியால வந்த வினை!" என்று கத்தியது குரங்கு. "ஆளைப் பாருங்க, எவ்வளவு பெருசு! இவனுக்கு உழைச்சே யானை ஓய்ஞ்சுபோச்சு. துரத்துங்க!"

கரடி ஒரு பாறையைப் புரட்டித் தரச் சொல்லத்தான் வந்திருந்தது. இன்னும் வாயே திறக்கவில்லை. இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து துரத்திவிட்டார்கள். பாவம், அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

கரடி போன பிறகும் முறை நகரவில்லை.

தாய் முயலுக்கு அழுகை முட்டியது. அழுதால் மரம் நகருமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு யானையையே உற்றுப் பார்த்தது. யானை எங்கே போகிறது? யார் சொல்லிப் போகிறது?

யானையின் காதோரம் ஒரு குட்டி அணில் உட்கார்ந்திருந்தது. "ஆட்டு!" என்றது. யானை போய் விளாமரத்தை ஆட்டியது. ஒன்றும் விழவில்லை. "ஆட்டு!" மறுபடியும் ஆட்டியது. சின்ன வேலைதான், ஆனால் முடிகிற வழியைக் காணோம்.

"ஏண்ணே, பழமே விழலையே?" என்று கேட்டது முயல்.

"சொன்னா செய்வேன் தாயி. எதுக்குன்னு கேக்கிறதில்ல."

குரங்கு பாய்ந்து அணிலை விரட்டியது. மறுநொடி அதே காதில் இன்னொரு அணில்! "ஆட்டு!" அதையும் விரட்டியது. வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"நிறுத்து!" என்றது முயல். "இதுங்களை யாரு அனுப்புறாங்கன்னு முதல்ல பார்ப்போம்."

அணில் வந்த வழியே போனால், புதருக்குள் தாய் அணில் இருந்தது.

"பழம் விழுற சத்தம் கேக்குற வரைக்கும் விடாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். அதுல என்ன தப்பு?"

"மரத்துல பழம் இருக்கா?"

"நேத்து இருந்துச்சே!"

முயல் அண்ணாந்து பார்த்தது. மரத்தில் ஒரு காய்கூட இல்லை. குரங்கின் தாடியில் மட்டும் விளாம்பழம் ஒட்டிக் காய்ந்திருந்தது. குரங்கு மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஐயோ, யாரும் சொல்லலையே!" என்று தாய் அணில் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

உடனே முயலின் முறை வந்தது. யானை பட்டமரத்தைத் தூக்கியதுதான் தாமதம், தாய் உள்ளே பாய்ந்தது. குட்டிகள் துழாவிக்கொண்டு வந்து மடியில் முட்டின.

அவை பால் குடித்து உறங்கியதும், முயல் கரடியைத் தேடிப் போனது.

"மன்னிச்சுக்கோ அண்ணே. உன்னைத் துரத்தினதுல நானும் ஒருத்தி."

கரடி "என் பாறை?" என்று கேட்டது.

"அடுத்த முறை உனக்குத்தான்!"

ஆகவே குழந்தைகளே, காரியம் முடங்கிப்போனால் கண்ணில் பெரிதாகப் படுகிறவன்மேல் பழி போடாமல், யார் என்ன செய்கிறார், யார் சொல்லிச் செய்கிறார் என்று பொறுமையாகப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.