செவலை துப்பிய மாத்திரை

படபட, படபட! செவலை நாய் தலையை உதறும்போது அதன் காதுகள் அடித்துக்கொண்ட சத்தம் அது. எத்தனையோ மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அது இன்னும் நினைவில் கேட்கிறது.

காட்டோரக் குளத்தங்கரை வீட்டில் செவலை வளர்ந்தது. குளத்து வாத்துகளுக்கு அதுதான் காவல். காட்டுப்பூனை கோரைப்புல்லில் கால் வைத்தாலே அதன் காது நிமிர்ந்துவிடும்.

அந்தக் காதில் சீழ் பிடித்தது. கால்நடை மருத்துவர் மாத்திரை கொடுத்தார். "வலி போனாலும் நிறுத்தாதீங்க. நான் சொன்ன நாள்வரைக்கும் கொடுங்க" என்றார். வீட்டுக்காரி பவளம் மாத்திரையைத் தோசைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

வலி போயிற்று. அதன்பிறகு செவலை தோசையை மட்டும் தின்றது. மாத்திரையைத் துப்பி ஆலமர வேருக்கடியில் ஒளித்தது.

தாய் வாத்து புள்ளி அதைப் பார்த்துவிட்டது. "என்னக்கா இது? டாக்டர் சொன்னாரே!"

"வலிதான் போயிடுச்சே! கசப்பை எதுக்கு முழுங்கணும்? உன் குஞ்சு தும்முதே, ஒண்ணு கொடுக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! நாய் மாத்திரையை வாத்துக்குக் கொடுப்பாங்களா? நீ எப்போ டாக்டர் ஆனே?"

செவலை சிரித்தது. அதன் காதுக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். கிருமிகள் எல்லாம் சாகவில்லை. மருந்துக்கு அசையாத சில மிஞ்சியிருந்தன.

"சோப்ளாங்கியெல்லாம் போயாச்சு! இனி இந்த இடம் நமக்குத்தான். பெருகுங்கடா!" என்றது ஒரு கிருமி.

சில நாளில் காது மறுபடியும் வலித்தது. படபட, படபட! செவலை வேருக்கடியில் தோண்டி மாத்திரைகளைத் தின்றது.

"அதே பழைய சரக்கா? போடு, போடு!" கிருமிகள் கூத்தாடின. காது அடைத்துக்கொண்டது.

அன்று மாலை காட்டுப்பூனை வந்தது. கோரைப்புல் சலசலத்தது. செவலைக்குக் கேட்கவில்லை. புள்ளிதான் அலறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தது. பூனையின் வாயில் குஞ்சின் வால் இறகு மட்டும் சிக்கியது. குஞ்சு தண்ணீரில் விழுந்து தப்பியது.

"பக்கத்திலேதானே படுத்திருந்தேன், புள்ளி! எனக்குக் கேக்கலையே!" செவலை அழுதது.

"அழுதா காது சரியாகுமா? ஒளிச்சதை எடுத்துட்டுப் போய்க் காட்டு!"

செவலை மிச்ச மாத்திரையைக் கவ்விப் போய்ப் பவளத்தின் காலடியில் போட்டது. பவளம் செவலையை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் காதுச் சீழைச் சோதித்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமிகள் அடங்கும் என்று கண்டுபிடித்தார்.

"நல்லவேளை, இன்னும் ஒரு மருந்துக்கு இந்தக் கிருமி அடங்குது. இதையும் பாதியிலே விட்டா என் கையிலே ஒண்ணும் இல்லை" என்றார்.

இந்த முறை செவலை தானே வாயைத் திறந்தது. தோசைகூடக் கேட்கவில்லை. கடைசி மாத்திரைவரை விழுங்கியது.

"ஐயோ, இது வேற மருந்துடா!" என்று காதுக்குள் ஒரு கூச்சல். பிறகு அமைதி.

வெளியே இருந்த சத்தமெல்லாம் திரும்பி வந்தது. தவளை, தூறல், கோரைப்புல்லில் மெல்ல வைத்த ஒரு கால்! செவலை குரைத்த குரைப்பில் காட்டுப்பூனை திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

மருத்துவர் சொல்லாமல் மருந்தைத் தொடாதே; அவர் கொடுத்த மருந்தைச் சொன்னபடி முடிக்காமல் விடாதே.

வால் இறகு போன குஞ்சு வளர்ந்து, அடுத்த மழையில் தன் குஞ்சுகளோடு அதே குளத்தில் நீந்தியது.