இருபது முகப் பகடையில் இருபத்தொன்று

கல்லூரி கேன்டீனில், ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை ஆடும் கூட்டத்துக்கு இளம்பரிதிதான் ராஜா. கதையும் அவனே, தீர்ப்பும் அவனே. சேர வந்த முதலாமாண்டு நஸ்ரினை ஏற இறங்கப் பார்த்தான்.

"என் கதையில புதையலைக் காக்குற டிராகனைத் தாண்டி அதை எடு, உனக்கு இடம் உண்டு. ஆனா உன் அடி அது மேல படணும்னா பகடையில இருபத்தொண்ணு விழணும்."

பகடைக்கு இருப்பதே இருபது முகம். கூட்டம் சிரித்தது.

"இந்த விதி எனக்கு மட்டுமா அண்ணா?"

"என் மேசையில எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா," என்றான் பெருமையாக.

"அப்போ டிராகன் என்னை அடிக்கவும் இருபத்தொண்ணு விழணும். அது உருட்டிக்கிட்டே இருக்கட்டும். நான் பக்கத்தால நடந்துபோய்ப் புதையலை எடுத்துக்கறேன்."

இளம்பரிதி விதிப்புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான். அவன் புரட்டி முடிப்பதற்குள் யாரோ அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார்கள்.