வர வேண்டாம் என்ற அழைப்பு

கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் புதிர் இல்லை.

மெர்லின் மருத்துவம் முடித்துப் பயிற்சிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. அந்த மாவட்ட மருத்துவமனையில் இரவுப் பணி என்றால் வார்டுகள் எல்லாம் அவள் தலையில். பெரிய டாக்டர் விபத்துப் பிரிவில் இருந்தார். "உயிர் போற காரியம்னா மட்டும் கூப்பிடு" என்று சொல்லியிருந்தார். எது உயிர் போகிற காரியம் என்று கண்டுபிடிப்பதுதானே தலைவலி!

மாலையில் ஆண்கள் வார்டில் லாரி டிரைவர் உலகநாதனுக்கு ஆஸ்துமா முற்றிவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். இழுப்புச் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. மெர்லின் மருந்தும் ஆக்சிஜனும் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து பார்ப்பதாக அவர் மனைவி பேச்சியம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

நள்ளிரவு தாண்டி போன் அடித்தது. எலும்பு வார்டில் கால் முறிந்த ஓர் இளைஞன் வலியில் கத்தி எல்லோரையும் எழுப்பிவிட்டானாம். அதை வைப்பதற்குள் அடுத்தது. தனியறையில் இருக்கும் கவுன்சிலரின் மாமனாருக்கு வாந்தி. "இப்ப வர்றீங்களா, இல்ல நான் மேல பேசவா?" என்று கவுன்சிலரே மிரட்டினார். பின்னால் மாமனார் நர்ஸைத் திட்டுவது கணீரென்று கேட்டது.

மூன்றாவதாக ஆண்கள் வார்டு நர்ஸ் ரெஜினா பேசினார்.

"டாக்டர், உலகநாதன் சம்சாரம் சொல்லச் சொன்னாங்க. நீங்க அலைய வேண்டாமாம். இழுப்புச் சத்தம் சுத்தமா நின்னுடுச்சாம். படுத்துட்டாராம், கூப்பிட்டாக்கூட முழிக்கலையாம். தூங்கட்டும்னு லைட்டையும் அணைச்சுட்டாங்க. நான் இங்க ஒருத்தருக்கு ரத்தம் ஏத்திட்டிருக்கேன், இன்னும் போய்ப் பாக்கல."

ஒருவன் கத்துகிறான், ஒருவர் மிரட்டுகிறார், ஒருத்தி வரவே வேண்டாம் என்கிறாள். இருப்பது ஒரே மெர்லின். அவள் முதலில் யாரிடம் ஓடுவது சரி?

உலகநாதனிடம்தான். கத்தவும் திட்டவும் மூச்சு வேண்டும். அது மற்ற இருவரிடமும் இருந்தது. இழுப்பு குறைந்து ஆள் தெளிவாகப் பேசினால் நிம்மதி. இழுப்பும் நின்று, எழுப்பியும் எழவில்லை என்றால் உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம். மெர்லின் ஓடிக்கொண்டே பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். விளக்கைப் போட்டபோது உலகநாதனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொண்டையில் குழாய் இறக்கி, மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். கவுன்சிலர் சொன்னபடியே மேலே பேசினார். விடிந்ததும் மெர்லினிடம் விளக்கம் கேட்டார்கள். பேச்சியம்மாளோ, "நானே உங்கள வர வேண்டாம்னுட்டேனே தாயி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெர்லின் உண்மையைச் சொன்னாள்: "தூங்குறார்னு கேட்டதும் ஒரு நொடி எனக்கும் நிம்மதியாத்தாம்மா இருந்துச்சு."