கஸ்பார் முன்னால், கமாண்டர் பின்னால்

மணல்திட்டுகள் நிறைந்த கடற்படைத் துறைமுகம் அது. கப்பல்களுக்கு முன்னால் படகில் போய் வழிகாட்டுபவர் கஸ்பார். சிவிலியன் சர்வீஸ் இருபத்தாறு வருஷம். லெஃப்டினன்ட்டுகளுக்குச் சமமான சம்பளமும் சீனியாரிட்டியும் கேட்டுப் போனார். கமாண்டர் சந்திரசூடனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “யூனிஃபார்முக்கு முன்னால் சிவிலியன் எங்கேயும் வரக் கூடாது” என்று உத்தரவே போட்டுவிட்டார்.

மறுவாரம் கமாண்டரின் கப்பல் திரும்பியது. கரையில் பேண்டு வாத்தியத்தோடு அட்மிரல் காத்திருந்தார். கஸ்பாரின் படகு கப்பலுக்குப் பின்னால் நின்றது.

“முன்னால போய்யா, கப்பல் தரைதட்டிடும்” என்று கமாண்டர் மைக்கில் கத்தினார்.

“உத்தரவு இருக்குங்க ஐயா. நீங்க போங்க, நான் பின்னாலயே வர்றேன்.”

அரை மணி நேரம் கழித்து ஒரு தாள் கயிற்றில் இறங்கி வந்தது. ‘கஸ்பார் முன்னால், நான் பின்னால்’ என்று எழுதிக் கமாண்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சம்பளக் கமிட்டிக்கு கஸ்பார் அந்தத் தாளை மட்டும் அனுப்பினார். அடுத்து வந்த சீனியாரிட்டிப் பட்டியலில் லெஃப்டினன்ட்டுகள் எல்லாரும் அவருக்குப் பின்னால் இருந்தார்கள்.