ஆளிச்செடி வளைத்த எண்ணெய்

அந்தக் காலத்தில் செடிகொடிகளோடு பனியும் காற்றும் பேசும். எல்லா விதைகளுக்கும் ஒரே எண்ணெய்தான். அதன் இழைகள் ஈர்க்குச்சி போல நேராக இருக்கும்.

கடற்கரையில் இடம் போதாமல் ஆளிச்செடி மலைமேல் குடியேறினாள். நீலமாகப் பூத்தாள், காய்த்தாள். மார்கழியில் பனி இறங்கியதும் விதைகளுக்குள் எண்ணெய் மெழுகாய் இறுகிவிட்டது. உள்ளே இருந்த முளைகளால் அதை உறிஞ்ச முடியவில்லை. சோறு பக்கத்திலேயே இருக்க, பிள்ளைகள் பசியில் செத்தார்கள். ஆளி ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றிலும் அசைவில்லை.

மறுவருஷம் காய் பிடிக்கும் நேரத்தில் முதல் பனி வந்து இலைமேல் உட்கார்ந்தது. இந்தப் பிள்ளைகளையாவது விட்டுவிடும்படி ஆளி கேட்டாள். வராமல் இருக்கத் தன்னால் ஆகாது என்றது பனி. அதற்கும் மனம் கனத்துத்தான் இருந்தது.

"நான் யாரையும் கொல்ல வரவில்லை, தாயே. உன் எண்ணெய் இழைகள் நேராக இருப்பதால், என்னைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. வளைந்திருந்தால் ஒட்டாது."

கேட்டுக்கொண்டிருந்த காற்று குறுக்கே வந்தது.

"வளைத்தால் அந்த வளைவு வழியாக நான் புகுந்துவிடுவேன், அம்மா. எண்ணெய் கெட்டுப்போகும். உன் பிள்ளைகள் நெடுங்காலம் காத்துக்கிடக்க முடியாது. பிறகு என்னை நொந்துகொள்ளாதே."

ஆளி குனிந்து பார்த்தாள். போன வருஷத்துக் காய்கள் இன்னும் காலடியில் கிடந்தன.

"ஒரு மழையையாவது பார்க்கட்டும்" என்றாள்.

புதிதாக ஊறிய எண்ணெயின் ஒவ்வோர் இழையையும் ஓரிடத்தில் வளைத்தாள். போதவில்லை. இன்னோரிடத்தில் வளைத்தாள். குளிர் ஏற ஏற மூன்றாவது இடத்திலும் வளைத்தாள். நடுவில் வெயில் அடித்தபோது கையை நிறுத்திக்கொண்டாள்; தேவைக்கு மேல் வளைப்பது காற்றுக்குக் கதவைத் திறந்துவைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

பனி மலையையே மூடியது. விதைகளுக்குள் எண்ணெய் நெகிழ்ந்தே இருந்தது. மழை வந்ததும் பிள்ளைகள் அதைக் குடித்து மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தார்கள். வெடித்துக் கிடந்த சில விதைகளில் காற்று புகுந்துவிட்டது. அவை முளைக்கவில்லை. ஆளி அவற்றுக்காக அழுதாள். காற்றை ஒரு சொல் சொல்லவில்லை.

மற்றச் செடிகளும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அன்று முதல்தான் குளிர் தட்டியதும் செடிகள் தங்கள் எண்ணெயை வளைக்கின்றன. ஆளியெண்ணெய் மார்கழிப் பனியிலும் உறையாமல் ஓடுகிறது. திறந்து வைத்தால், சொன்ன சொல் தவறாமல் காற்று வந்துவிடுகிறது.