ஆரபி பிடித்த மீன் எங்கே?

எங்கள் ஊர் ஏரி நவம்பர் கடைசியில் உறையும். தவநேசன் வீட்டு ஆண்களின் மூளை எந்த மாதம் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. கனடாவின் வடக்கே, குளிரைத் தவிர வேறெதுவும் மலிவாகக் கிடைக்காத இந்தச் சிற்றூரில் நாங்கள் ஏழு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். தவநேசன் வீட்டாரைப் பழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வில்லங்கமே அதுதான்.

தவநேசனின் மகள் ஆரபிக்கு ஐந்து வயது. அவளுடைய வகுப்புச் சுவரில் பதினெட்டுப் படங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, உறைந்த ஏரி, பிள்ளை பிடித்த முதல் மீன். பத்தொன்பதாவது இடம் வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமை அங்கே தன் படம் ஏறாவிட்டால் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று ஆரபி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை காலை மூன்று பேர் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்: தவநேசன், அவருடைய தமையன் நடராசலிங்கம், மனைவியின் தம்பி விமலகாந்தன். அதாவது ஆரபிக்கு அப்பா, பெரியப்பா, மாமா.

"பிள்ளையின்ரை கையை ஒரு நிமிசமும் விடக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள் தாய் சுபோதினி வாசலில். அப்பா உடனே வலது கையைப் பிடித்தார். மாமா இடது கையைப் பிடித்தார். கார் ஓட்டும் வேலை பெரியப்பாவுக்கு வந்தது.

தூண்டிலும் ஐஸில் துளைபோடும் கருவியும் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர் நல்ல மனிதர். "நாலு அங்குலம் தடிப்பு இல்லாத ஐஸில் கால் வைக்காதீர்கள். போனைச் சூடாக வைத்திருங்கள், குளிரில் வேலை செய்யாது. சின்ன மீன் அகப்பட்டால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்" என்றார். மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். கடை வாசலிலேயே போன் மூன்றும் சுபோதினி கட்டிக்கொடுத்த இடியப்பப் பெட்டிக்குள், சூடான இடியப்பத்துக்கு அடியில் போயின.

கரையில் முதல் சிக்கல்.

"தடிப்பை அளக்காமல் கால் வைக்கேலாது" என்றார் அப்பா.

"கால் வைக்காமல் எப்பிடிப் போய் அளக்கிறது?" என்றார் மாமா.

பெரியப்பா வெகுநேரம் ஏரியைப் பார்த்தார். "கால் வைக்க வேண்டாம் எண்டுதானே அந்த மனுசன் சொன்னவர். வயிறு வைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

மூவரும் குப்புறப் படுத்தார்கள். ஆரபி பெரியப்பாவின் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்தபடி ஊர்ந்தார்கள். துளைபோடும் கருவியைப் பெரியப்பா தலையால் முட்டி முட்டித் தள்ளினார். பாதி வழியில் ஒரு பெரிய லொறி ஐஸின் மேலேயே அவர்களைக் கடந்து போனது.

"அப்பா, லொறியே போகுது!" என்றாள் ஆரபி.

"அதுக்குச் சக்கரம் இருக்கு, பிள்ளை. எங்களுக்குக் கால்தானே."

படுத்த படுக்கையில் துளைபோட ஒரு மணி நேரம் பிடித்தது. அளந்தால் பதினாலு அங்குலம். மூவரும் எழுந்து நின்று ஜாக்கெட்டைத் தட்டி, கைகொடுத்துக்கொண்டார்கள். கைகொடுக்கும்போதும் ஆரபியின் கைகளை விடவில்லை.

அதனால் தூண்டிலைப் பெரியப்பா பிடிக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடத்தில் தூண்டில் துடித்தது.

"மீன்! தாங்கோ, நான் இழுக்கிறன்! கையை விடுங்கோ!" என்று ஆரபி துள்ளினாள்.

"விட்டால் அம்மா ஏசுவா" என்றார் அப்பா.

"அக்காவுக்குப் போன் அடிச்சுக் கேப்பம்" என்றார் மாமா.

"இடியப்பம் முழுக்க முடிச்சால்தான் போன் எடுக்கலாம்" என்றார் பெரியப்பா. "நான் நாலு சாப்பிடுவன். மிச்சம் ஆர்?"

அவர்கள் இடியப்பத்தைப் பங்கு பிரிக்கும்போது ஆரபி தன் இரண்டு கைகளையும் கையுறைக்குள்ளிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். அப்பாவிடம் ஒரு வெறும் கையுறை, மாமாவிடம் ஒரு வெறும் கையுறை. இருவரும் அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஆரபி தூண்டிலைப் பறித்து, பல்லைக் கடித்து, இழு இழு என்று இழுத்தாள். வந்தது! அவள் விரல் நீளத்தில், மஞ்சளாய், ஒரு குஞ்சு மீன். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்.

"படம் எடுங்கோ, பெரியப்பா!"

"சின்ன மீன். உடனே விடச் சொன்னவர்."

"படம் எடுத்துப்போட்டு விடுவம், அண்ணை" என்றார் அப்பா.

"படம் எடுத்த பிறகு விட்டால் அது பிறகு. உடனே எண்டால் உடனே" என்று பெரியப்பா மீனைத் துளைக்குள் விட்டார்.

ஆரபி அழுத அழுகையில் பக்கத்தில் கூடாரம் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மூவருக்கும் நெஞ்சு உருகிப்போனது. மடையர்கள்தான், ஆனால் பிள்ளை அழுதால் தாங்கமாட்டார்கள். மூவரும் ஒரே மூச்சில் இடியப்பம் அத்தனையையும் விழுங்கி, ஒரு போனை எடுத்து, அதில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் துடைத்து, அழுகிற பிள்ளையைத் துளைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

அன்று மாலையே அதை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுபோதினி பார்த்தாள். "மீன் எங்கை?"

"ஐஸுக்குக் கீழை" என்றார் அப்பா.

"இதிலை தெரியேல்லையே."

"நீ ஐஸின்ரை மேற்பக்கத்தைப் பாக்கிறாய். கீழ்ப்பக்கம் பின்னாலை எல்லோ இருக்கும்?" என்று பெரியப்பா படத்தைத் திருப்பினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. மூவரும் தலையைச் சேர்த்து வைத்து உற்றுப் பார்த்தார்கள்.

"முழுக்க உறைஞ்சு கிடக்கு, அத்தான்" என்றார் மாமா கவலையோடு.

"ஹீட்டருக்குப் பக்கத்திலை வைப்பம். உருகினால் மீன் தெரியும்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூவரும் ஹீட்டருக்கு முன்னால் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். ஆரபியும் அழுகையை மறந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சொட்டும் உருகவில்லை.

திங்கட்கிழமை படத்தோடு நால்வருமாய் வகுப்புக்குப் போனார்கள். மீன் எங்கே என்று ஆசிரியை கேட்டதற்கு, "இன்னும் உருகவில்லை" என்று ஆரபி சொன்னாள். பெரியப்பா நிலைமையை விவரமாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, படத்தை வாங்கிப் பத்தொன்பதாவது இடத்தில் மாட்டினார்.

பத்தொன்பது படங்களுக்கும் கீழே பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறது. ஆரபியின் படத்துக்குக் கீழே பெயரும் இருக்கிறது, ஒரு வாளியும் இருக்கிறது.